தொழில் என்று ஒரு கட்டம்

எனக்கு வயது எழுபத்தெட்டு. வளர்த்தது ஏழு பேரை. பெற்றது ஐந்து, கொழுந்தன் விட்டுவிட்டுப் போனது இரண்டு. ஏழும் தறிச் சத்தத்தில் தூங்கி, தறிச் சத்தத்தில் எழுந்த பிள்ளைகள். ஒன்றும் சோடை போகவில்லை. நான் படித்தது கோவில் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம். என் பெயரைத் தமிழில் எழுதுவேன். பஸ் நம்பரைப் பர்மிய எண்ணில் படிப்பேன். அதற்கு மேல் கிடையாது.

ஆனால் இது என்னைப் பற்றியது அல்ல. ஒரு அக்காவைப் பற்றியது. கூடப் பிறந்தவர் இல்லை. தாமுவே பேட்டையில் டவுன்ஷிப் ஆபீசுக்கு வெளியே, மதிலை ஒட்டி, மனு டைப் அடித்துக் கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து ஆண்கள், கடைசியில் இவர் ஒருத்தர். பர்மாக்காரர்கள் அவரைச் சயாமா என்பார்கள், டீச்சரைக் கூப்பிடுகிற மரியாதையில். நாங்கள் டைப் அக்கா என்போம். பெயரை நான் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கல்யாணம் செய்துகொள்ளாதவர். வேதக்காரர், மாதா கோவிலுக்குப் போகிறவர். அவருடைய அப்பா துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து, மகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தவர். அக்காவிடம் இரண்டு மெஷின், ஒன்று பர்மிய எழுத்து, ஒன்று இங்கிலீஷ் எழுத்து. மெஷின்களுக்கு நடுவில் அட்டை போன ஒரு தடித்த இங்கிலீஷ் அகராதி, பழைய லுங்கித் துணியில் சுற்றி வைத்திருப்பார். மழை வந்தால் முதலில் அந்தப் புத்தகத்தை மூடுவார், அப்புறம் மெஷின்களை. தன் தலைக்குக் குடை பிடிக்க அவருக்கு ஞாபகமே வராது.

ஒரு சொல்லை அடிக்கப் போகிறார் என்றால், அது எங்கே பிறந்தது, எந்தக் கை பட்டு வந்தது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் விரல் நகராது. "இது எந்த வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே அகராதியைப் பிரிப்பார். எதிரில் நிற்கிறவர் காய்ச்சலோடு நின்றாலும் சரி, கைக்குழந்தையோடு நின்றாலும் சரி.

ஒரு தடவை டாலாவிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தாள். ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போக வேண்டியவள். ஏதோ நிலத்துக்கு ஒரு கடிதம். அக்கா பாதிக் கடிதத்தில் நின்று, ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சொல் பிரெஞ்சுக்காரர்களிடம் எத்தனை வருஷம் இருந்தது, எப்போது இங்கிலீஷ்காரர்கள் வீட்டுக்கு வந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏம்மா, நான் டாலாவுக்குப் போகணும். நீ எதுக்கு என்னை லண்டனுக்குக் கூட்டிக்கிட்டுப் போறே?"

வரிசையில் இருந்த ஐந்து பேரும் மெஷினை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் அந்தச் சொல்லை முடிக்காமல் கடிதத்தை முடிக்கவில்லை. அந்த அம்மா ஃபெரிப் படகைத் தவறவிட்டாள். இப்படியே அவர் கூட்டத்தைப் பக்கத்து மெஷின்காரர்களுக்கு விட்டுக் கொடுத்தார். நாள் முழுக்க உட்கார்ந்து நாலு தாள் அடித்தால் அதுவே அதிகம்.

பேர், வயசு எல்லாம் எல்லோரும் கேட்பார்கள். இவர் மூன்றாவதாக ஒன்று கேட்பார்: "சரி, நெசமா என்ன வேலை செய்யுறே?" நெசமா என்பதை அழுத்திச் சொல்வார். சொன்னது சரியில்லை என்று பட்டால் தாளை உருவி எடுத்துவிடுவார்.

நான் அவரிடம் போனது நூலுக்காக.

அந்தக் காலத்தில் நூல் கடையில் கிடையாது. கூட்டுறவு ஆபீசில் கார்டு வைத்திருக்கும் நெசவாளிக்கு மாசா மாசம் அளந்து கொடுப்பார்கள். எங்கள் சந்தில் ஐந்து தமிழ் வீடுகளில் தறி இருந்தது, என் வீட்டில் இரண்டு. ஐந்து வீட்டிலும் உட்கார்ந்து நெய்தது பெண்கள்தான். பக்கத்துப் பர்மாக்காரப் பெண்களிடம் கற்றுக்கொண்டது. ஆனால் ஐந்து கார்டும் புருஷன்மார் பெயரில். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் பாட்டனார்கள் ஊரில் தறிக்குழியில் உட்கார்ந்தது ஆண்கள். பெண்கள் நூல் இழைத்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இங்கே வந்து ஆண்கள் துறைமுகத்துக்கும் ரயிலுக்கும் போய்விட்டார்கள். தறி மட்டும் அவர்கள் பெயரிலேயே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மூட்டை ஏற்றியவர். ஊடு நூல் ஓட்டுகிற நாடாவைக் கையால் தொட்டதில்லை. வார்டு ஆபீஸ் குடும்பப் பட்டியலில் அவர் பெயருக்கு நேராக 'நெசவாளி' என்று இருக்கும். என் பெயருக்கு நேராக 'மீகோ'. பிறரைச் சார்ந்து உண்பவள் என்று அதற்கு அர்த்தம். இந்த நாட்டில் பாதிப் பெண்களுக்கு அதுதான் எழுதியிருக்கும்.

என் வீட்டுக்காரர் இறந்தார். முப்பதாம் நாள் முடிவதற்குள் கார்டு நின்றுவிட்டது. நெசவாளி இறந்துவிட்டான், நூல் எதற்கு என்றார்கள். தறியில் பாதி நெய்த பாவு கிடக்கிறது. வீட்டில் ஐந்து வாய். கடைசிக்கு மூன்று வயது.

நான் அக்காவிடம் போய், "கொழுந்தன் பேருக்குக் கார்டை மாத்தச் சொல்லி ஒரு மனு அடிச்சுக் குடுங்கக்கா" என்றேன்.

"கொழுந்தன் நெய்வானா?"

"அவன் எங்கக்கா நெய்யுறான்? நான்தான் நெய்யுறேன்."

"அப்ப உன் பேரைப் போடு."

"பொம்பளை பேர்ல குடுக்க மாட்டாங்க. எங்க சந்துல யாருக்கும் இல்ல."

அவர் மெஷினிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தறிக்காரி, உக்காரு. ஒண்ணு சொல்றேன்."

எனக்கு உட்கார நேரமில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் வெப்ஸ்டர் என்கிற பெயரின் கதையை எனக்குச் சொன்னார்.

"துரைமாருங்க பேரைக் கேட்டிருப்பியே, வெப்ஸ்டர், வெபர், வெப்புன்னு? எல்லாம் நெசவுக்காரன்னு அர்த்தம். இப்ப அது பரம்பரைப் பேரு, ரொம்ப முந்தி வேலையைச் சொல்ற பேரு. அதுல வெப்ஸ்டர்னா யாரு தெரியுமா? நெய்யுற பொம்பளை. ஆதியில பொம்பளைக்கு மட்டும்தான் அந்தப் பேரு. அப்புறம் ஆம்பளைங்க தறிக்கு வந்தாங்க. தறியோட பேரையும் எடுத்துக்கிட்டாங்க. இன்னைக்கு வெப்ஸ்டர்னா மீசை வச்ச ஆளு. சரி, நெய்யுறவ பேரு போச்சு. நூல் நூத்தவளுக்கு என்ன ஆச்சு? அவளுக்கு ஸ்பின்ஸ்டர்னு பேரு. அதுவும் நல்ல பேருதான், நூத்துச் சம்பாதிக்கிறவ. அதைக் கோர்ட்டுக்காரங்க எடுத்து, கல்யாணம் ஆகாத பொண்ணுக்கெல்லாம் ஒட்டிட்டாங்க. இப்ப அதைக் கேட்டா வையுற மாதிரி இருக்கு. வேலை செஞ்சவ அவ. அதுக்கு அவளுக்கு மிஞ்சினது பாரு."

"அதுக்கும் என் நூலுக்கும் என்னக்கா?"

"இருக்கு. நீயாக் குடுக்குற. யாரும் புடுங்கக்கூட இல்ல, நீயாத் தூக்கி உன் கொழுந்தன் கையில குடுக்குற. அதை என் மெஷின்ல அடிக்க மாட்டேன்."

எனக்கு எப்படி ஆத்திரம் வந்தது என்று சொல்ல முடியாது. ஐந்து பிள்ளை பட்டினி கிடக்கும்போது இவர் எனக்கு இங்கிலீஷ்காரன் வீட்டுக் கதை சொல்கிறார். "புருஷன் புள்ள இல்லாதவங்களுக்கு என்ன தெரியும்?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வாய் தவறி என்ன, தெரிந்தேதான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து அடுத்த மெஷின்காரரிடம் போனேன். அவர் ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் அடித்துக் கொடுத்துவிட்டார்.

மனு போய்ப் பதினைந்து நாளில் கூட்டுறவு ஆபீசிலிருந்து ஒரு சயா வந்தார், ஆண் அதிகாரியை அப்படித்தான் கூப்பிடுவோம். நல்ல மனிதர்தான். தறி முன்னால் நின்று, "யார் நெசவாளி?" என்று பர்மிய மொழியில் கேட்டார். என் கொழுந்தன் கையைத் தூக்கினான். குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

"உட்கார்ந்து ஒரு சாண் நெய்து காட்டு."

அவன் தறிப் பலகையில் ஏறி உட்கார்ந்தான். இடது காலையும் வலது காலையும் ஒரே மிதியில் வைத்தான். கயிற்றை இழுத்தான் பாருங்கள், நாடா தறியை விட்டுப் பறந்து போய் அந்தச் சயாவின் காலடியில் விழுந்தது. சந்தே வாசலில் கூடி நிற்கிறது.

"சயா, நேத்துல இருந்து முட்டி வலி" என்றான் கொழுந்தன்.

"முட்டிதான் நெய்யுதாக்கும்?" என்று எதிர் வீட்டு மரகதம் சத்தமாகக் கேட்டாள்.

சயாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எழுதினார். பொய் மனு. கார்டு ரத்து.

அன்றைக்குச் சாயங்காலம் மரகதம் என் வீட்டுக்கு வந்தாள். இப்போது சிரிப்பு இல்லை. "அக்கா, இதோட விட்டுரு. நீ போய்ப் பொம்பளைதான் நெய்யுறான்னு சொன்னா, அடுத்தது என் வீட்டுத் தறிக்கு வருவாங்க. என் வீட்டுக்காரர உக்கார வச்சா அவரும் இதே கூத்துதான்." அவள் சொன்னதும் நியாயம். நாலு வீட்டு நூல் என் ஒரு வாய்ச் சொல்லில் இருந்தது.

மூன்று நாள் தறிமேல் துணி போட்டு மூடி வைத்தேன். நாலாம் நாள் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்துவிட்டு, தாமுவேக்கு நடந்தே போனேன். அக்கா என்னைப் பார்த்தார். முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். பர்மிய மெஷினில் தாளைச் சொருகினார்.

"பேரு?"

சொன்னேன்.

"வயசு?"

சொன்னேன்.

"நெசமா என்ன வேலை செய்யுறே?"

"நெய்யுறேன்க்கா. பதினாலு வருஷமா நெய்யுறேன்."

அந்த ஒரு சொல்லை அடிக்க மட்டும் அவர் அகராதியைத் திறக்கவில்லை.

அதோடு முடிந்துவிடவில்லை. எட்டு மாசம். ஜன்னல் ஜன்னலாக நின்றேன். சாப்பாட்டு வேளை, நாளைக்கு வா, பெரிய சயா இல்லை, இந்தியக்கார வீட்டில் பெண் நெய்வாளா என்று ஆளுக்கொரு சாக்கு. ஒவ்வொரு தடவைக்கும் அக்கா ஒரு தாள் அடித்துக் கொடுத்தார். பாதி நாள் என்னோடு வந்து ஜன்னலில் நின்றார். அவர் மெஷின்கள் மூடிக் கிடந்தன. இரண்டு தறியில் ஒன்றை நான் விற்றேன். கடைசியில் அதே சயா திரும்ப வந்தார். நான் உட்கார்ந்து நெய்தேன். அவர் நின்று பார்க்கக்கூட இல்லை. வாசலிலிருந்து சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போய் எழுதிவிட்டார். கார்டு வந்தது, என் பெயரில். குடும்பப் பட்டியலிலும் மாற்றிக் கொடுத்தார்கள். மற்ற நாலு வீட்டுக்கும் யாரும் வரவில்லை. அடுத்த வருஷம் மரகதமும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். இதற்குச் சந்தோஷப்பட வேண்டும்தானே? எனக்கு அன்றைக்குத் தூக்கம்தான் வந்தது. இரண்டு நாள் தூங்கினேன்.

அதற்குப் பிறகு நானும் அக்காவும் நெருக்கம். நான் அன்றைக்குச் சொன்ன சுடுசொல்லை அவர் ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. எனக்கு அது வராது.

வேலைக்கு வெளிநாடு போகிற பெண்களுக்கு இங்கிலீஷில் உறுதிப் பத்திரம் அடிக்கும்போது ஸ்பின்ஸ்டர் என்று அடித்துவிட்டு, அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்து, "தலை குனியாதே, இது சம்பாதிக்கிறவ பேரு" என்பார். பக்கத்து மெஷின்காரர் ஒரு நாள் சீண்டினார்: "அப்ப நீங்களும் அதுதான? உங்க ராட்டை எங்க சயாமா?" அக்கா தன் மெஷினைத் தட்டிக் காட்டினார். "இதுலதான் நூக்குறேன். எவன் சோத்துலயும் எனக்குப் பங்கு இல்ல."

கல்லறைத் திருநாளுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார், அவருடைய அம்மா அப்பா குழியில் புல் பிடுங்க. நான் சாமி கும்பிடுகிறவள், இருந்தாலும் போவேன். அங்கே பழைய வெள்ளைக்காரக் கல்லறைகள் பாசி பிடித்துச் சாய்ந்து கிடக்கும். அக்கா கல்லைத் துடைத்துப் பெயர் படிப்பார். "வாக்கர். நெய்த துணியைத் தொட்டித் தண்ணியில போட்டுக் காலால மிதிச்சவன். அதே வேலைதான், தெற்குப் பக்கத்து ஊர்ல ஃபுல்லரும்பாங்க, மேற்குப் பக்கம் டக்கர்ம்பாங்க. ஊருக்கு ஒரு பேரு."

எங்கள் தாத்தா படகுத்துறையில் ஒரு துரையிடம் பூட்ஸ் காலால் உதை வாங்கியவர். "துணி மிதிச்ச வீட்டுப் பையன்தானா இவனுங்க?" என்றேன். இருவரும் சிரித்துச் சிரித்து, புல்லில் உட்கார்ந்துவிட்டோம். இதை எழுதிக்கொண்டிருக்கிற என் பேத்தியும் சிரிக்கிறாள்.

நெய்கிறவள் என்ற சொல்லில் இருந்துதான் இங்கிலீஷ் பாஷையில் மனைவி என்கிற சொல் வந்தது என்று யாரோ எங்கோ சொன்னதாக ஒரு நாள் அவரிடம் வந்து சொன்னார்கள். கேட்க நன்றாக இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. அக்கா புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல, இதுல அப்படி இல்ல. அழகா இருக்குன்னு எழுத முடியுமா?" என்று மூடிவிட்டார். எனக்குக்கூட வருத்தம். அவர் அப்படித்தான்.

வயசான பிறகு அவர் விரல்கள் மடங்கிப் போயின. கம்ப்யூட்டர் கடைகள் வந்தன. மதில் ஓரத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் அக்கா மட்டும் வெறும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரும் வரவில்லை. அண்ணன் மகன் வீட்டில் இருந்தார். நல்ல பிள்ளை அவன். நாலு வருஷம் குளிப்பாட்டி, சோறு ஊட்டிப் பார்த்தான். ஒரு மழைக்காலத்தில் அக்கா இறந்தார்.

வார்டு ஆபீசில் மரணப் பதிவுக்குச் சாட்சி வேண்டும் என்று அண்ணன் மகன் என்னைக் கூப்பிட்டான். காலையிலிருந்து நின்றோம். கால் இரண்டும் வீங்கிவிட்டது. எங்கள் முறை வந்தபோது உள்ளே ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து எழுதினாள். எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினாள்.

"அமே, படிச்சுக் காட்டவா?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். அம்மா என்று கூப்பிட்டுத்தான் கேட்டாள்.

எனக்குப் பின்னால் வரிசையில் காலேஜ் பிள்ளைகள் நின்றார்கள். "வேண்டாம், தெரியும்" என்றேன். தெரிந்த மாதிரி தாளை மேலும் கீழும் பார்த்தேன். என் பெயரைத் தமிழில் எழுதினேன். பெரிய எழுத்தாக, அழகாக எழுதினேன்.

அண்ணன் மகனுக்கு வேலை நாள் என்பதால், அவர்கள் மாதா கோவில் பதிவேட்டுக்கு அந்தத் தாளை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் கூட வந்த என் கடைசி மகள் சும்மா வாங்கிப் படித்தாள். பெயர், வயது, மதம். தொழில் என்கிற கட்டத்தில், மீகோ.

பஸ்ஸை நிறுத்தி இறங்கித் திரும்பினேன். அந்தச் சின்னப் பெண் தலையைச் சொறிந்தாள். "அமே, இறந்தவங்களுக்குத் தொழில் எதுக்கு? அண்ணன் மகன் பட்டியல்ல இருந்தாங்க, அதைப் பார்த்து எழுதினேன். கையெழுத்து உங்களோடதுதானே?"

"என்னுதுதான்."

"மாத்தணும்னா அவர் வந்து மனு குடுக்கணும்."

அண்ணன் மகனிடம் சொன்னேன். அவன் முகம் சுண்டிப் போயிற்று. "நாலு வருஷம் நான்தான அத்தைக்குச் சோறு போட்டேன்? அதுல என்ன பொய் இருக்கு?" என்றான். அவன் சொன்னதும் பொய்யில்லை. அந்த நாலு வருஷத்துக்கு முன்னால் இருந்த ஐம்பது வருஷத்தை அவனுக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா இருந்தால் சொல்லியிருப்பார்.

நான் தனியாகப் போய் நின்றிருக்கலாம். எட்டு மாசம் எனக்காக ஒருத்தர் நின்றார். எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது, நின்றிருக்க முடியும். கால் வீக்கம் வடியட்டும் என்றேன். மழை விடட்டும் என்றேன். பேரனுக்கு அம்மை, மகளுக்குப் பிரசவம் என்றேன். எல்லாம் நிஜம்தான். பதினாறு வருஷம் போய்விட்டது. அந்த ஆபீசையே இடித்து வேறு இடத்தில் கட்டிவிட்டார்கள். அந்தத் தாளில் அவரைப் பற்றி அப்படி எழுதியிருக்கிறது, கீழே சாட்சி என்று என் பெயர் இருக்கிறது.

அதனால் எழுது, கண்ணு. இன்னாருடைய மகள். கல்யாணம் ஆகாதவர். தொழில்: மனு எழுதிக் கொடுத்தவர், இரண்டு மெஷினில், தன் சம்பாத்தியத்தில். மீகோ அல்ல. முன்னால் போட்ட கையெழுத்து தப்பு என்று சாட்சியே சொல்கிறாள், அதையும் எழுது.

எழுதிட்டியா? சரி, பேனாவைக் குடுக்காதே, இரு. மேல இருந்து ஒரு வரி விடாம படி. எனக்குப் படிக்கத் தெரியாது. கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.